இரண்டு சாண் வடக்கே

அமாக் ஹேரானி யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்கமாட்டார், அவள் நீட்டுகிற காப்பியைப் பார்க்கமாட்டார், உட்கூரைப் பலகையைப் பார்ப்பார். அங்கே முழ நீளத்துக்கு ஒரு பச்சை அம்பு இருக்கும். அதன் நுனியில் சின்னதாய்க் கறுப்புச் சதுரம், அதுதான் கஅபா; தொழுகிறவர்கள் முகம் வைக்கவேண்டிய கிப்லாத் திசை அது. ஒட்டடை படிந்திருந்தால் தோளில் கிடக்கும் துண்டால் ஒரு தட்டுத் தட்டுவார். அப்புறம்தான், "என்ன, எல்லாரும் சுகமா?" என்று கேட்பார். ரிஞ்சானி மலையின் சரிவில் இருக்கிற லெண்டாங் சுரென் ஊரில், வெளியூர்க்காரர் தங்க அறை வைத்திருக்கிற வீடுகள் பதினொன்று. பதினொன்றிலும் அவர் போட்ட அம்புதான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மகள் ஹேரானி பிறந்த அன்றைக்கே அந்தப் பெயர் போய்விட்டது. ஹேரானிக்கு அமாக், அதாவது அப்பா, என்பதே பெயராயிற்று. லொம்பொக் தீவில் எல்லோருக்கும் அப்படித்தான், பெண்களுக்கு இனாக், அதாவது அம்மா. பிள்ளை பிறந்தபிறகும் ஒருவனைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிட்டவன் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று அர்த்தம். அவர் மட்டும் மனைவியை ருமிசா என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வீட்டுக்குள், மெதுவாக, யாருக்கும் கேட்காமல்.

ஹேரானிக்கு ஒன்பது வயதில் அவர் ஜொகூருக்குச் செம்பனைத் தோட்ட வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் இந்தச் சரிவில் ஆண்பிள்ளை என்றால் மலேசியாவுக்குப் போகவேண்டும். போகாதவனுக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்று பேசுவார்கள். பகலில் குலை வெட்டுவார், ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து வீடுகளுக்குச் சாயம் அடிப்பார். எட்டாவது வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஃபோன் வந்தது. ருமிசாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம், விடியற்காலையில் மவுத்தாம், அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்களாம். "முகத்தைக் கிப்லா பக்கம் திருப்பி வெச்சீங்களா?" என்று கேட்டார். என்ன கேள்வி அது. அதைச் செய்யாமல் யாராவது அடக்குவார்களா. ஆனால் அந்த மனிதருக்கு வேறு எதைக் கேட்பதென்று தெரியவில்லை. பயணத் தாள்கள் தோட்டத்து மேலாளரிடம் மாட்டிக்கொண்டிருந்தன. அவை கைக்கு வந்து, அவர் ஊர் வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று.

ருமிசாவின் அக்கா இனாக் முனாவிர்தான் மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்தியவள். வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து, "வந்துட்டியா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் ஹேரானியிடம் சொன்னாள், அவர் பக்கத்திலேயே நின்றாலும்.

பிறகு பெரிய நிலநடுக்கம் வந்து வீடுகள் விழுந்தன, பள்ளிவாசல் மட்டும் தப்பியது. தகரக் கூரையும் பலகைத் தட்டும் வைத்து ஊர் மறுபடி எழுந்தது, சாலையும் புதிதாக வந்தது. சாலை வந்ததும் மலை பார்க்க ஆட்கள் வந்தார்கள், தங்க இடம் கேட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஊர் கூடியது. சாராயம் வருமா, கண்ட கண்ட உடுப்போடு வரப்பில் நடப்பார்களா, பிள்ளைகள் கெடுமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பள்ளிவாசலின் பெரிய ஆலிமான துவான் குரு கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பூமியில சுத்திப் பாருங்கன்னு அவங்களுக்குச் சொன்னவனும் அல்லாஹ்தான். வர்றவனுக்கு மரியாதை செய்யின்னு நமக்குச் சொன்னவனும் அவன்தான்," என்றார். "பிரயாணி கேக்குற துஆவுக்கு வானத்துக் கதவு திறந்திருக்கும். நம்ம ஊர்ல தினமும் முப்பது பேர் படுத்து எந்திரிச்சா எத்தனை துஆன்னு பாருங்க. சாராயம் வேணாம்னா நாம விக்காம இருந்தாப் போதும். அவன் மலையைத்தான் பாக்க வர்றான், போத்தலை இல்ல."

ஊர்க் கட்டுப்பாடு அன்றே போட்டார்கள். மது கிடையாது. ஜோடியாய் வந்தால் நிக்காஹ் ஆனவர்களாக இருக்கவேண்டும். ஜும்ஆ நேரத்தில் யாரையும் மலையேற்றக்கூடாது. ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரு பங்கு தகப்பனில்லாப் பிள்ளைகளுக்குப் போகவேண்டும். இப்படி எல்லாம் கட்டுப்பாடு வைத்தால் எவன் வருவான் என்று பக்கத்து ஊரில் சிரித்தார்கள். வந்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்தார்கள், இந்த மாதிரி ஊரைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். வயலில் அழுகிக்கிடந்த ஸ்ட்ராபெரிப் பழம் சாலையோரத்திலேயே விற்றுத் தீர்ந்தது. தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்க வருகிற ஏஜெண்ட் மூன்றாம் வருஷம் ஒரு காப்பி குடித்துவிட்டுத் தனியாகவே திரும்பிப் போனான். வாலிபர்கள் எல்லாம் மலைக்கு மூட்டை சுமக்கப் போயிருந்தார்கள். ஹேரானி இரண்டு ஃபோனை வைத்துக்கொண்டு பதினொரு வீட்டுக்கும் விருந்தாளிகளைப் பிரித்து அனுப்புகிறவள் ஆனாள். இதையெல்லாம் பார்த்தபிறகும் ஊர் கெட்டுவிட்டது என்று சொல்கிறவர்களிடம் பேசிப் பயனில்லை.

ஒரே ஒரு தொல்லை. வருகிறவர்கள் கைகால் முகம் கழுவி உளூ செய்துவிட்டு, "கிப்லா எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். ஒருத்தி அடுப்படியைக் காட்டுவாள். அடுத்த வீட்டுக்காரி மாட்டுக் கொட்டகையைக் காட்டுவாள். இன்னொருத்தி, "அதோ அந்த முருங்கை மரத்தைப் பாத்துத் தொழுங்க" என்பாள். இதை ஹேரானி வீட்டில் சொல்லிச் சிரித்தபோது அமாக் ஹேரானி சிரிக்கவில்லை. மறுநாள் மலை வழிகாட்டி மஹ்னுனிடம் போய் அவனுடைய திசைகாட்டிப் பெட்டியை வாங்கிவந்தார். பெட்டியின் ஓரத்தைப் பள்ளிவாசலின் பக்கச் சுவரோடு ஒட்டி வைத்தார். முள் ஆடி நின்ற இடத்தில் கண்ணாடிமேல் ஊசியால் ஒரு கீறல் போட்டார். இனி எந்த வீட்டில் வைத்தாலும் முள்ளைக் கீறலில் நிறுத்தினால் பெட்டியின் ஓரம் கிப்லாவைக் காட்டும். படிக்காத மனிதர் யோசித்த வழி அது.

கூலி வாங்கவில்லை. பச்சைச் சாயம்கூட அவருடையதுதான். ஏன் என்று ஹேரானிக்கு மட்டும் சொன்னார். அந்த அம்பைப் பார்த்து எவர் தொழுதாலும் அதில் தனக்குச் சேருகிற நன்மை முழுவதும் ருமிசாவுக்குப் போகட்டும் என்று மனதில் நிய்யத் வைத்திருந்தார். அவளுக்காக ஒரு பிடி மண்கூடப் போடாதவர். இதையாவது செய்யவேண்டும் என்று நினைத்தார். ஒருநாள் துவான் குருவை வழிமறித்து, "பிரயாணிங்க நாலு ரக்அத்தை ரெண்டாச் சுருக்கித் தொழுறாங்களே, நன்மையும் பாதிதானா?" என்று கேட்டார். துவான் குரு நின்று சிரித்துவிட்டு, "அல்லாஹ் என்ன, தராசு வெச்சிருக்கிற மளிகைக் கடைக்காரனா? முழுசாத்தான் குடுப்பான், போ" என்றார். அன்று அவர் வீட்டுக்கு நடந்து வந்த நடையைப் பார்த்தவர்கள் இவருக்கு ஏதோ நிலம் கிடைத்திருக்கிறது என்று நினைத்தார்கள்.

மூன்று வருஷம் இப்படியே போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இனாக் பஹ்ரி வீட்டில் தங்கியிருந்த மக்காஸர்க்காரர் பக்கத்தில் வந்து நின்றார். தஹ்லான் என்று பெயர், நிலம் அளக்கிற உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ரூம்ல அந்த அம்பு போட்டது நீங்கதானாமே. ரொம்ப அழகா இருக்கு."

"துஆ செய்யுங்க, ஐயா. அது போதும்."

"செய்றேன். தப்பா நினைக்கக்கூடாது. பள்ளிவாசல்ல ஒரு பக்கம் பாத்துத் தொழுறேன், ரூம்ல வேற பக்கம் பாத்துத் தொழுறேன். ரெண்டுல எதுண்ணே சரி?"

அமாக் ஹேரானிக்குச் சுருக்கென்றது. "உங்க ஃபோன்ல பாத்திருப்பீங்க. மேல தகரம் இருக்கு, ஃபோன் பொய் சொல்லும்."

"ஃபோனை நான் எடுக்கவே இல்ல. நாப்பது வருஷம் நிலம் அளந்த கண்ணு இது. இங்க சஃப்பு வரிசை சுவரை விட்டுச் சாஞ்சு நிக்குது. அங்க அம்பு இந்தச் சுவரோட ஒட்டியே போகுது."

அவர் சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அமாக் ஹேரானி மஹ்னுன் வீட்டுக்குப் போய்த் திசைகாட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். சுவரோடு ஒட்டி வைத்தார். முள் சரியாகக் கீறலில் நின்றது. பார்த்தாயா என்று ஒரு நிமிஷம் மனம் துள்ளியது. அப்புறம் கீழே பார்த்தார். தரையில் வரிசை நிற்பதற்குப் போட்ட குறுக்குக் கோடுகள் முன்சுவருக்கு நேராக இல்லை, வலப்பக்கம் சாய்ந்து கிடந்தன. பெட்டியின் குறுக்கு ஓரத்தைக் கோட்டோடு ஒட்டி வைத்தார். முள் கீறலைவிட்டு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. தொழுகைப் பாயின் நீளத்துக்கு அது இரண்டு சாண் விலகல்.

அந்தப் பள்ளிவாசலைக் கட்டியவர்கள் கிப்லா மேற்கே என்று நேர் மேற்காகக் கட்டிவிட்டார்கள். சரியான திசை அதைவிட வடக்கே சாய்வு என்று பிறகு அளந்து சொன்னபோது, சுவரை இடிக்கவா முடியும். தரையில் சாய்வாகக் கோடு போட்டுக்கொண்டார்கள். அவர் ஜொகூரில் இருந்த காலத்தில் நடந்தது அது. திரும்பி வந்த நாளிலிருந்து எல்லோரோடும் சேர்ந்து அவரும் சாய்வாகத்தான் நின்று தொழுகிறார். ஒருநாளைக்கு ஐந்து தடவை. ஆனால் சாயம் அடிக்கிறவனுக்குச் சுவர்தான் நேர். கால் சாய்வாக நின்றது, கை சுவரை நம்பிவிட்டது. தங்கியவர்களும் அம்பைப் பார்த்தபிறகு வேறு எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. ஊர் அவரை நம்பியது போலவே அவர்களும் நம்பினார்கள்.

துவான் குரு தூணோரமாக ஓதிக்கொண்டிருந்தார். அமாக் ஹேரானி அவர் முன்னால் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். "மூணு வருஷம், துவான் குரு. எத்தனை பேர் தொழுதாங்க. ஒண்ணுகூட அவளுக்குப் போய்ச் சேரலையா?"

துவான் குரு கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க முகம் அந்தப் பக்கம்தான் இருந்திருக்கு. தெரியாம ரெண்டு சாண் விலகினதுக்காக அல்லாஹ் தொழுகையைத் தூக்கி வீசமாட்டான். அவளுக்குப் போய்ச் சேர்ந்துச்சா இல்லையாங்கிறது அவனுக்குத்தான் தெரியும், நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆனா ஒண்ணு. இதுவரைக்கும் உனக்குத் தெரியாது. இப்போ தெரியும். இனிமே தப்பாத் தொழுதா அது உன் கழுத்துல. இன்னிக்கு எத்தனை வீட்ல ஆள் இருக்கு?"

"பதினொண்ணுலயும். ஜொகூர் ஆளுங்க பெரிய பஸ்ல வர்றாங்க."

"பொழுது சாஞ்சு மஃரிப் வர இன்னும் எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"அப்போ என் முன்னால எதுக்கு உக்காந்திருக்க?"

வீட்டுக்கு ஓடினார். ஹேரானி வாசலில் நின்று யாருக்கோ ஃபோனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பச்சைச் சாயத்தையும் வெள்ளைச் சாயத்தையும் தூக்குவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அமாக், இன்னிக்கா? ரெண்டு வருஷமா அவங்ககிட்டப் பேசிப் பேசி வரவெச்சிருக்கேன். நாற்பது பேர். உங்க அம்பைப் படம் புடிச்சு அனுப்பித்தான் இந்த ஊரையே தேர்ந்தெடுத்தாங்க. அவங்க கண்ணு முன்னால அதை அழிச்சீங்கன்னா நாளைக்கு எந்த முகத்தோட நான் இன்னொரு பஸ்ஸைக் கூப்பிடுவேன்?"

"தப்பை வெச்சுக்கிட்டுக் கூப்பிட்டா மட்டும் முகம் இருக்குமா?"

"இருங்க, சொல்றதைக் கேளுங்க. நாளைக்குக் காலையில மலைக்குப் போயிடுவாங்க. அப்போ பதினொண்ணையும் சத்தமில்லாம மாத்திடலாம். இன்னிக்கு ஒரு ராத்திரிதானே. பிரயாணிங்க வேற, மஃரிபை ராத்திரி இஷாவோட சேத்துத் தொழுவாங்க."

"சேத்துத் தொழுதா ரெண்டு வேளையும் சேந்து என் கழுத்துல. காலையில சுபுஹு இருக்கு, அது மூணு."

"எல்லாரும் ஃபோன்ல பாத்துக்கட்டும்."

"அப்புறம் எதுக்குடி நான் அம்பு போட்டேன்?"

ஹேரானி ஒரு ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு, "இனாக் பஹ்ரி வீட்ல முதல்ல போங்க, அங்க ஆள் உள்ள இருக்காங்க. பஸ் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். மத்த வீட்டுக்கெல்லாம் நான் மேசையை நடுவில போடச் சொல்றேன்" என்றாள். கோபம் போகவில்லை. ஆனால் ஃபோனில் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் தாயைப் போலத்தான் அவளும். திட்டிக்கொண்டே செய்வாள்.

மஹ்னுன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். புதிய கீறலைப் பள்ளிவாசல் கோட்டில் வைத்துப் போட்டுக்கொண்டார்கள். பழைய கீறலின்மேல் அவர் சாயத்தை அப்பி மறைத்தார். "அண்ணே, அது என் காம்பஸ்" என்று மஹ்னுன் பாவமாகச் சொன்னான்.

இனாக் பஹ்ரி கரண்டியோடு வந்து கதவில் நின்றாள். "மூணு வருஷமா ஒரே இடத்துல இருந்த கிப்லா இன்னிக்கு ஏன் நகர்ந்துச்சு? மறுபடி நிலம் ஆடிச்சா?"

"நிலம் ஆடல. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்."

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் வீட்டு ரூமுக்குப் பேரு கெட்டுப்போகும்."

"உங்க ரூம்ல இருக்கிறவருதான் கண்டுபுடிச்சாரு."

அவள் கரண்டியை இறக்கி வழிவிட்டாள். தஹ்லான் உள்ளேயிருந்து வந்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளைச் சாயம் ஒரு பூச்சில் பச்சையை மறைக்கவில்லை. பழைய அம்பு உள்ளேயிருந்து மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் அவர் இன்னொரு பூச்சு அடித்தார். மூன்றாவது வீடு, நான்காவது வீடு. ஒரு வீட்டில் ஒரு வாரமாகத் தங்கியிருந்த அம்மா அவரை மேசையிலிருந்து இறங்கவிடவில்லை. "ஒரு வாரம் தொழுததை நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். துவான் குரு சொன்னதை அவர் அப்படியே சொன்னார். அந்த அம்மா நெஞ்சில் கைவைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அவளுக்குச் சொன்னதை அவரால் தனக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தொழுகை கூடியிருக்கும், சரி. ருமிசாவுக்குப் போனதா? தப்பாகப் போட்ட கோட்டுக்கு யாராவது நன்மை எழுதுவார்களா? வண்டியில் போகும்போது இதே கேள்விதான்.

ஏழாவது வீட்டில் ஜொகூர் ஆட்கள் இறங்கிவிட்டிருந்தார்கள். பெட்டி படுக்கையோடு அறைக்குள் வந்த ஒரு பெரியவர், மேசைமேல் நின்று அண்ணாந்திருந்தவரைப் பார்த்துத் திகைத்தார்.

"படத்துல பாத்த அம்பை அழிக்கிறீங்களா?"

அமாக் ஹேரானி தூரிகையைக் கீழே வைத்தார். ஜொகூர்ப் பேச்சு அவருக்கு நன்றாக வரும். "நான்தான் போட்டேன், தப்பாப் போட்டுட்டேன். இன்னிக்கு அஸருக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. ரெண்டு சாண் வடக்கே போகணும். நீங்க மஃரிப் தொழுறதுக்குள்ள மாத்திடணும்னுதான்."

வாசலில் நின்ற ஹேரானி கண்ணை மூடிக்கொண்டாள். பெரியவர் பையைக் கீழே வைத்தார். "எங்க ஊர் ஹோட்டல்ல மேசை டிராயர்ல ஒரு அம்பு ஒட்டியிருப்பான். மேசையை ஆள் நகத்துவான், அம்பும் சேந்து நகரும். எவனும் வந்து பாத்ததில்ல." சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேசைக் காலைப் பிடித்தார். "உசரத்துல நிக்கிறீங்க, பாத்து."

பத்து வீடு முடிந்தபோது வெயில் மலை முகட்டுக்கு ஏறிவிட்டிருந்தது. கடைசி வீடு இனாக் முனாவிருடையது. முதன்முதலில் அவர் அம்பு போட்ட வீடும் அதுதான். அன்றைக்கு அவள் வெளியே நின்று ஹேரானியிடம், "உங்கப்பனைச் சீக்கிரம் முடிச்சுட்டு இறங்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள். இன்றைக்கு ஹேரானி கூட இல்லை, பஸ் ஆட்களைக் கவனிக்கப் போய்விட்டாள். இவராகவே பேசவேண்டும்.

"அக்கா, ரூம்ல அம்பை மாத்தணும்."

"கேள்விப்பட்டேன். ஊரே கேள்விப்பட்டாச்சு." அவள் அறைக் கதவில் இரண்டு கையையும் வைத்து நின்றாள். "புதுசு போட்டுக்கோ. பழசுமேல கை வைக்காத."

"ரெண்டு இருந்தா வந்தவங்க குழம்பிடுவாங்க, அக்கா."

"குழம்பினா என்கிட்டக் கேக்கட்டும். எனக்கு வாய் இருக்கு. மூணு வருஷமா ஆள் இல்லாத நாளெல்லாம் அந்த ரூம்லதான் தொழுது என் தங்கச்சிக்கு ஓதியிருக்கேன். அதுமேல வெள்ளையடிக்க உன்னை விடமாட்டேன்."

"அது தப்பான திசை."

"உனக்குத்தான் தப்பு."

அவருக்குப் பொறுமை போய்விட்டது. அத்தனை நேரம் வண்டியில் அடக்கிவைத்தது வாயில் வந்தது. "அக்கா, நான் போட்ட கோடே கோணல். மூணு வருஷம் அவளுக்குன்னு நினைச்சேன். ஒண்ணும் போயிருக்காது. உங்களுக்கு அது புரியாது. நீங்க அவளைக் கையால குளிப்பாட்டினீங்க, நான் அதுகூடச் செய்யல. இதையாவது சரியாச் செய்யணும்னு பாத்தா..."

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். பின்கட்டு வழியாகத் தெரிந்த கபுர்ஸ்தான் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மூங்கில் வேலிக்கு அப்பால் அடக்கம் செய்தவர்களின் தலைமாட்டுக் கற்கள் வரிசையாக நின்றன.

"வெள்ளிக்கிழமை தவறாம அங்க போறியே. அவ எந்தக் கோட்டுல படுத்திருக்கான்னு பாத்திருக்கியா?"

அவர் பார்த்தார். கற்கள் நேர் வரிசையாக நின்றன. தாத்தா காலத்து வரிசை, பள்ளிவாசல் சுவருக்கு நேரே போகிற வரிசை.

"தரையில கோடு போட்டப்போ உசுரோட இருக்கிறவங்கதான் சாஞ்சு நின்னோம். குழி வெட்டுறவங்க பழைய வரிசையோடதான் வெட்டினாங்க, இப்பவும் அப்படித்தான். என் வீட்டுக்காரர்தான் இறங்கி அவளைப் படுக்கவெச்சு முகத்தைத் திருப்பினாரு. ரெண்டு சாண் தள்ளித்தான் இருக்கும்." அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்து, உடனே பழைய கடுமைக்குத் திரும்பியது. "இப்போ என்ன, மண்வெட்டி எடுத்துட்டுப் போய் அவளையும் திருப்பப் போறியா? 'நீ சரியாப் படுக்கல, உனக்கு ஒண்ணும் கிடையாது'ன்னு அவகிட்ட யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கிறியா?"

"இல்ல," என்றார்.

"அப்போ உன் அம்புக்கு மட்டும் ஏன் சொல்லப்போறாங்க? பெரிய ஆளு நீ."

அவள் உள்ளே போய் மேசையை இழுத்து நடுவில் போட்டாள், ஒரு காலின் கீழ் பலகைத் துண்டை வைத்து ஆட்டிப் பார்த்தாள். "ஏறு. பொழுது போகுது."

அவர் ஏறினார். முள் புதிய கீறலில் நின்றதும் கரியால் கோடு இழுத்து, பச்சையைத் தொட்டு அம்பு வரைந்தார். மற்ற பத்து வீட்டிலும் போட்டதைவிட இது நீளமாக வந்தது. பழையது பக்கத்திலேயே இருந்தது, அதை அவர் தொடவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி நுனியில் மட்டும் விலகின. கீழே நின்று அவருடைய கால் இரண்டையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், வழுக்கிவிடுவாரோ என்று. கறுப்புச் சதுரம் வைக்கும்போது பள்ளிவாசலில் பாங்கு தொடங்கிவிட்டது. முன் அறையில் ஜொகூர்ப் பெண்கள் உளூ செய்துவிட்டுக் கதவுக்கு வெளியே காத்திருந்தார்கள்.

"அக்கா," என்று மேலிருந்தபடியே கேட்டார், "அவளுக்குப் போய்ச் சேந்திருக்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன வானத்து மலக்கா?" இனாக் முனாவிர் முந்தானையால் மேசை விளிம்பில் சிந்தியிருந்த சாயத்தைத் துடைத்தாள். "சேராம இருந்திருந்தா கனவுல வந்து உன்னைத் திட்டியிருப்பா. அவ விடுற ஆளா. கனவுல வந்தாளா?"

"வருவா. சிரிச்சுக்கிட்டுத்தான் வருவா."

"என்கிட்டயும் அப்படித்தான் வர்றா." அவள் அவர் இறங்குவதற்குக் கையை நீட்டினாள், பிறகு கையை இழுத்துக்கொண்டு நாற்காலியை நகர்த்தி வைத்தாள். "இறங்கு. ஜமாஅத் தொழுகை போயிடும். தொழுதுட்டு இங்க வந்து சாப்பிடு, கீரையும் மிளகாய்ச் சட்னியும் இருக்கு. ஹேரானியையும் கூட்டிட்டு வா, அந்தப் புள்ள காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

அமாக் ஹேரானி இறங்கி, சாயக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வாசலைத் தாண்டினார். பின்னால் அவள் ஜொகூர்ப் பெண்களிடம் உரக்கச் சொல்வது கேட்டது.

"நீளமா இருக்குதே, அதைப் பாருங்கம்மா. சின்னது நம்ம வீட்டு விஷயம்."